சோத்தக்காவும் மஞ்சள் டிஷ்களும்

சோத்தக்காவுக்கு மஞ்சள் நிறத்தைக் கண்டாலே ஆகாது. வீட்டில் மஞ்சள் திரைச்சீலை கிடையாது, மஞ்சள் துண்டு கிடையாது, குளியலறை வாளிகூடப் பச்சைதான். அவள் கணவருக்குப் பெயிண்ட் தொழில். "உலகத்துல பாதிச் சுவரு மஞ்சள்தான். உன்னை மாதிரி நாலு பேரு இருந்தா என் பொழப்பு என்னாகிறது?" என்று அவர் கேட்காத மாதம் இல்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை அவள். மஞ்சள் என்றால் பசி. பசியைச் சுவரில் பூசிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்களா?

இந்த வெறுப்பு வேலையிலிருந்து வந்தது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில், செல் வளர்க்கும் அறையில், பதினாறு வருடமாக அவள் உதவியாளர். எலியின் மூளையிலிருந்து எடுத்த செல்களை அங்கே கண்ணாடி போலத் தெளிந்த சின்னச் சின்ன டிஷ்களில் வளர்ப்பார்கள். அவற்றின் சாப்பாடு ஒரு திரவம். மீடியம் என்று பெயர். அதில் ஒரு சாயம் கலந்திருப்பதால் புதிதாக ஊற்றும்போது நல்ல இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கக் கழிக்க, திரவம் மெல்லச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகிவிடும். மஞ்சளாகிவிட்டால் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அறுபது டிஷ், எண்பது டிஷ், சில வாரங்களில் இருநூறு. அதுதான் அவள் வேலை.

பதவியின் பெயர் "ஆய்வக உதவியாளர், நிலை இரண்டு". சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு குறும்புக்கார ஆராய்ச்சி மாணவர் "செல்லுக்குச் சோறு போடுற அக்கா" என்று ஆரம்பித்தது, தேய்ந்து தேய்ந்து சோத்தக்கா ஆகிவிட்டது. வைத்தவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவளுக்கென்று ஒரு பக்குவம் உண்டு. டிஷ்ஷை ஒரு விரல்கடை சாய்ப்பாள், பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் நுனியை விளிம்பில் வைப்பாள், திரவத்தைச் சுவரோடு வழிய விடுவாள். செல்களின் மேல் நேராக ஊற்றினால் பிய்ந்து மிதந்துவிடும். "மெதுவா, மெதுவா, யாரும் தள்ளிக்கக் கூடாது" என்று முகக்கவசத்துக்குள் முணுமுணுப்பாள். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் வளர்த்ததெல்லாம் செத்து மிதக்கும்போது சிரிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "அக்கா, எனக்கும் கொஞ்சம் ஊத்திக் காட்டுங்க" என்று வருவார்கள். பதினாறு வருடத்தில் அவள் கையால் ஒரு டிஷ் வீணானதில்லை. இதில் அவளுக்குப் பெருமை உண்டு. பெருமை இல்லாத மாதிரிக் காட்டிக்கொள்வதில் அதைவிடப் பெருமை.

அந்த அறையில் வளர்ந்த செல்களில் ஒரு வகையின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். மூளை என்றதும் நினைவு, அறிவு என்று பேசுகிறார்களே, அதையெல்லாம் செய்கிற நரம்புச் செல்கள் அல்ல அவை. அந்த நரம்புச் செல்களுக்குப் பக்கத்தில் நின்று உணவு கொடுத்து, கழிவை அள்ளி, தண்ணீரையும் உப்பையும் அளவாக வைத்துக்கொள்ளும் துணைச் செல்கள். நட்சத்திரம் மாதிரிக் கை கால் விரித்திருக்கும். அவளுக்கு அவற்றை அறிமுகம் செய்து வைத்தவர் டாக்டரம்மா.

டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற டாக்டர். சோத்தக்காவைவிடப் பத்து வயது இளையவர். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு சோத்தக்காவின் கணவர் சாரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டுக் கிடந்தபோது, ஆஸ்பத்திரியில் எல்லோரும் "மூளை வீங்கியிருக்கு" என்றார்கள், "எலும்பைத் திறக்கணும்" என்றார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஏன் வீங்கியது என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. ஐந்தாம் நாள் துணி மாற்ற வீட்டுக்கு வந்தவள், விடுப்பை நீட்டிக் கேட்க நிலையத்துக்கு வந்தாள். மாடிப்படியில் கால் நகராமல் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா அதே படியில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"ரத்தம் சரியாப் போகலைன்னா அந்த இடத்துக்கு மூச்சுக் காத்து கிடைக்காதுக்கா. காத்து இல்லாம சர்க்கரையை எரிச்சா லாக்டிக் அமிலம் சேரும். நீங்க தினம் பாக்கிற அதே மஞ்சள்தான். அங்கே அதை மாத்தி ஊத்த ஆள் இல்ல. துணைச் செல்லுங்க அந்த அமிலத்தைச் சமாளிக்கப் பாக்கும். சமாளிக்கும்போது உப்பை உள்ளே இழுத்துக்கும், உப்போட தண்ணியும் வந்துடும். அதான் வீங்குது. மண்டை ஓடு பெரிசாகாதே, அதனாலதான் எலும்பைத் திறந்து இடம் விடுறாங்க. கொல்றதுக்கு இல்ல, காப்பாத்தத்தான்."

அன்றுதான் ஐந்து நாளில் முதல் முறையாக அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். கணவர் பதினோராம் நாள் கண் திறந்தார். இப்போது இடது கை மட்டும் கொஞ்சம் மந்தம். சாரம் ஏறுவதில்லை, ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்ந்து வண்ணம் கலந்து கொடுக்கிறார். அந்தப் படியையும் அந்தப் பழைய உறையையும் அவள் மறந்த நாளில்லை. சோத்தக்கா நன்றி மறக்கிற ஜாதியே இல்லை.

அப்படிப்பட்டவள்தான் டாக்டரம்மாவின் கழுத்தை அறுத்தாள்.

டாக்டரம்மாவின் கேள்வி சொல்வதற்குச் சுலபம். துணைச் செல்களை வீங்க வைப்பது புளிப்பா, லாக்டிக் அமிலத்தில் இருக்கும் லாக்டேட் என்ற பொருளா? அதாவது எந்த அமிலம் சேர்ந்தாலும் அதே அளவு வீங்குமா, அல்லது லாக்டிக் அமிலத்துக்கென்று தனிக் கைவரிசை ஏதாவது உண்டா? இதைப் பிரித்துப் பார்க்க நான்கு வகை டிஷ் வைப்பார். ஒன்றில் வெறும் மீடியம். ஒன்றில் புளிப்பை நீக்கிய லாக்டேட் உப்பு. ஒன்றில் லாக்டேட் இல்லாத வேறோர் அமிலம். கடைசி வகையில் அதே அளவு புளிப்பில் லாக்டிக் அமிலம். மூன்று மணி நேரம் வைத்துவிட்டு, செல்களை எடுத்து ஒரு கருவியில் ஒவ்வொன்றின் பருமனையும் அளப்பார். மூன்று தடவை செய்து பார்த்ததில் லாக்டிக் அமிலத்தில்தான் வீக்கம் அதிகம். நான்காம் தடவையும் அப்படியே வந்தால் எழுதி அனுப்பலாம். வராவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு வேறு வேலை பார் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவின் பதவிக்காலம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி.

நான்காம் தடவைக்கு முந்தின நாள் சோத்தக்கா விடுப்பு. கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தாள். அதனால் மறுநாள் காலை டாக்டரம்மா ஆறு மணிக்கே வந்து டிஷ்களை அடுக்கிவிட்டு, குழந்தையைப் பள்ளியில் விடப் போயிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. செல்களை உடல்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவில் "தொட வேண்டாம்" என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஏழரைக்கு வந்தவள் முகக்கவசத்தின் ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியோடு கதவைத் திறந்தாள். சீட்டு கதவோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

இரண்டாம் தட்டில் எல்லாம் மஞ்சள்.

"அடப்பாவிங்களா, ஒரு நாள் நான் இல்லைன்னா இப்படியா பட்டினி போடுவாங்க!" என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருடப் பழக்கம் யோசிக்க விடுமா? முன்வரிசையை அப்படியே எடுத்துவந்து மேடையில் வைத்தாள். உறிஞ்சினாள், ஊற்றினாள். சுவரோடு வழிய விட்டாள். "மெதுவா, மெதுவா" என்றாள். ஆறு டிஷ் அழகாகச் சிவந்து நின்றன. பின்வரிசையிலிருந்து அடுத்ததை எடுக்கும்போதுதான் மூடியில் டாக்டரம்மாவின் கையெழுத்தில் "லா" என்றும் எண்ணும் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். கதவில் சீட்டு. மேசையில் லாக்டிக் அமிலம் கலந்த மீடியம் பாட்டில் பாதி நிறைந்து நின்றது. அறையில் வேறு யாரும் இல்லை.

அப்போது அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்து போன் செய்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவள் செய்யவில்லை. சிவப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, பாட்டிலிலிருந்த மஞ்சளை ஆறிலும் ஊற்றி, துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டாள். பன்னிரண்டே நிமிடம். ஊற்றும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வந்து அளந்தார். லாக்டிக் அமில டிஷ் பன்னிரண்டு. ஆறு டிஷ் முன்பு போலவே நன்றாக வீங்கியிருந்தன. ஆறில் அந்த அளவுக்கு இல்லை. ஒரே பாட்டில், ஒரே கை, ஒரே இன்குபேட்டர், ஆனால் இரண்டு விதம். டாக்டரம்மா கருவியைச் சோதித்தார். அமிலமானியைச் சோதித்தார். தராசைச் சோதித்தார். எதிலும் குற்றமில்லை என்று ஆனதும் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார்.

"நான் ஊத்தினதுல ஏதோ தப்புக்கா. தூக்கக் கலக்கத்துல அளவு மாறிடுச்சு போல. அப்போ முன்னாடி மூணு தடவையும் சரியா ஊத்தினேனான்னு யாருக்குத் தெரியும்?" என்று மூன்றாம் நாள் சொன்னார். ஏழாம் நாள் கழிவறையிலிருந்து கண் சிவந்து வந்தார். பத்தாம் நாள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். "வேற வேலை பாக்கலாம்னு இருக்கேன். ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை இருக்காம். எனக்கு இந்தக் கை வராதுக்கா" என்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சோத்தக்கா "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றாள். அதற்கு மேல் உண்மையைச் சொல்லாமல் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். வேலை போய்விடும் என்று பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய பயம், சோத்தக்கா கைபட்டு வீணாகிவிட்டது என்று மூன்று மாடியும் பேசுமே என்பது. பெருமை பொல்லாதது. ஒரு நல்ல பெண்ணை அவள் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கச் சொல்கிறது.

வீட்டிலும் அவள் முகம் தொங்கித்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் மாலை கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். நேராக அவள் முன்னால் வந்து நின்றார். இடது கையை வலது கையால் தூக்கிச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"தப்புதான். மன்னிச்சிடு."

"எதுக்கு?"

"அது தெரியல. ரெண்டு வாரமா யோசிக்கிறேன், பிடிபடல. ஆனா உன் மூஞ்சியைப் பாத்தா நான் பண்ணினது பெரிய தப்புன்னு மட்டும் தெரியுது. என்னன்னு சொன்னா அதுக்குத் தனியா இன்னொரு தடவை கேட்டுடறேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. செய்யாத தப்புக்கு இந்த மனுஷன் ஒரு நொடியில் கும்பிடு போட்டுவிட்டார், செய்த தப்புக்குப் பன்னிரண்டு நாளாக அவளால் வாய் திறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு உபதேசம் எதுவும் செய்யவில்லை. "அப்போ நான் பண்ணலையா? அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, "நாளைக்கு நானும் வரட்டுமா, கூட நிக்கறேன்" என்றார். வேண்டாம் என்றாள்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறையில் அட்டைப்பெட்டிகள் பாதி கட்டியிருந்தன. சோத்தக்கா உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை.

"அந்த ஆறு டிஷ் நான் மாத்தினேம்மா. மஞ்சளாப் பாத்ததும் கை போயிடுச்சு. அப்புறம் பயந்துபோய் பாட்டில்ல இருந்ததை எடுத்து மறுபடியும் ஊத்தி மூடி வச்சிட்டேன். உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான்தான்."

டாக்டரம்மா எழுந்து நின்றார். திட்டு விழும் என்று சோத்தக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்த ஆறு?"

"ஏழுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். ஏழு நாப்பதுக்கு எடுத்தேன். ஏழு அம்பத்திரெண்டுக்குத் திரும்ப வச்சேன். கடிகாரத்தைப் பாத்தேன்."

டாக்டரம்மா ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து நோட்டைத் தேடி எடுத்தார். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பென்சிலால் கோடு இழுத்தார். மிச்சமிருந்த ஆறு எண்களையும் கூட்டினார், வகுத்தார், பழைய மூன்று தடவைகளின் பக்கங்களோடு வைத்துப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். பிறகு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"சரியா இருக்குக்கா. நாலு தடவையும் ஒரே மாதிரி இருக்கு. நான் சரியாத்தான் ஊத்தியிருக்கேன்."

அழுது முடித்ததும்தான் கோபம் வந்தது. "பதிமூணு நாள்! கண்ணெதிர்ல பாத்துக்கிட்டே இருந்தீங்களே, பதிமூணு நாள்! மாத்தினது தப்பே இல்ல, யாருக்கு வேணும்னாலும் கை போகும். பேசாம இருந்தீங்களே, அதுதான். என் கையை நானே வெட்டிக்கலாம்னு இருந்தேன் தெரியுமா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். சோத்தக்கா ஒன்றையும் கீழே விழ விடாமல் வாங்கிக்கொண்டாள். திட்டி ஓய்ந்ததும் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னதுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றார். திட்டைத் தாங்கிய சோத்தக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

துறைத் தலைவரிடம் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை வந்தது, பதினாறு வருடத்தில் முதல் முறையாக. மூன்று மாடியும் பேசத்தான் செய்தது. ஒரு வாரம் பேசிவிட்டு வேறு விஷயம் கிடைத்ததும் விட்டுவிட்டது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆறு டிஷ் கெட்டுப்போன தொகுப்பை அப்படியே எழுதி அனுப்ப டாக்டரம்மாவுக்கு மனமில்லை. தலைவரிடம் கேட்டு, முழுசாக இன்னொரு தடவை செய்ய அனுமதி வாங்கினார்.

அந்த நாளும் காலை ஆறு மணிக்குத்தான். டாக்டரம்மா ஊற்ற, சோத்தக்கா மூடி போட்டு அடுக்கினாள். ஏழேகாலுக்கு டாக்டரம்மா கைப்பையை எடுத்தார்.

"குழந்தையை விட்டுட்டு ஒன்பது மணிக்கு வந்துடறேன். நீங்க பாத்துக்கங்க."

அவ்வளவுதான் சொன்னார். கதவில் சீட்டு ஒட்டவில்லை.

சோத்தக்கா ஒரு முக்காலியை இழுத்து இன்குபேட்டருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். வெளிக்கதவைத் திறந்தால் உள்ளே கண்ணாடிக் கதவு. அதன் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தாள். மஞ்சள் வரிசையாக நின்றது. உள்ளே அந்தச் செல்கள் அமிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தண்ணீரை இழுத்து இழுத்து ஊதிக்கொண்டிருக்கும். ஒரு பிப்பெட், ஒரு பாட்டில், ஐந்து நிமிடம். எல்லாவற்றையும் நிம்மதியாக்கிவிடலாம். கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மன்னிச்சிக்கோங்க, இன்னிக்குச் சோறு கிடையாது" என்றாள். யாரும் இல்லாததால் சத்தமாகவே சொன்னாள். "எங்க வீட்டு ஆளு மண்டைக்குள்ளேயும் உங்களை மாதிரிதான் இருந்தாங்க. யாரும் மாத்தி ஊத்தல. அப்படியும் தாங்கினாங்க. அவரு இன்னிக்குக் காலைல எந்திரிச்சு, பல்லு விளக்கி, என்னைத் திட்டிட்டுத்தான் கடைக்குப் போயிருக்காரு. அவங்களுக்கு ரொம்ப நன்றி. உங்களுக்கும்தான்."

எட்டு மணி ஆனது. எட்டரை ஆனது. கால் மரத்துப்போனது. டாக்டரம்மா வந்ததும் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். கேட்பதுதான் முறை. அவளே அந்த இடத்தில் இருந்தாலும் கேட்பாள். தொடவில்லை என்று எந்தக் குரலில் சொன்னால் நம்புகிற மாதிரி இருக்கும் என்று யோசித்து, மனதுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லியும் பார்த்துக்கொண்டாள்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டாக்டரம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையைக் கழுவினார், கையுறை மாட்டினார், இன்குபேட்டரைத் திறந்து தட்டை வெளியே எடுத்தார். சோத்தக்கா முக்காலியை விட்டு எழுந்து பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா கேட்கவில்லை. முதல் டிஷ்ஷின் எண்ணைச் சத்தமாகப் படித்தார், நோட்டில் எழுதிக்கொண்டார், அளக்க ஆரம்பித்தார்.